முனியாண்டி இருக்கும் திசை

தரையை விட்டு ஓர் அடிகூட எழும்பவில்லை என்று சாதித்த ஒரு விமானத்தை நாங்கள் மேகத்துக்கு மேலிருந்து கீழே இறக்கியிருக்கிறோம். விமானம் பொய் சொல்லுமா என்று கேட்பீர்கள். சொல்லும். ஆனால் அன்றைக்குப் பொய் சொன்னது அது மட்டும் இல்லை.

எழுபத்தெட்டாம் வருஷம். மலேசியாவில், ஈப்போ விமானத் திடலின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எனக்கு உதவியாளர் வேலை. போன் எடுப்பது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது, ஓடுபாதையில் மாடு நின்றால் ஆள் அனுப்பி விரட்டுவது. அந்த மாடுகளைப் பற்றி இளப்பமாக நினைக்க வேண்டாம். பினாங்கு விமானம் வரும் நேரம் அவற்றுக்கு மனப்பாடம். விமானம் தாமதமானால் மாடுகளும் தாமதமாகத்தான் ஓடுபாதைக்கு வரும். எப்படித் தெரிந்துகொள்ளும் என்று நான் கேட்கவில்லை. நமக்கு எதற்கு மேலிடத்து விவகாரம்.

எனக்கு மேலே அருளம்பலம் சார். விமானங்களோடு பேசுகிறவர் அவர்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம். நெற்றியில் திருநீறு மூன்று கோடு, அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்து யாரும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் அவர் மனைவி, "குழம்பு எப்பிடி?" என்று கேட்டு, அவர் சொன்ன பதிலைக் கேட்டு, ஒரு மாதம் தைப்பிங்கில் தாய் வீட்டில் இருந்துவிட்டு வந்தார்.

அந்தப் பொய் சொன்ன விமானத்தில் இருந்தவன் ஜெயபாலன். சிம்பாங் பூலாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். முதலாளி தோட்டத்தை விற்று, வாங்கியவர்கள் ரப்பர் மரத்தை வெட்டி, செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை போட்டபோது அம்மா கருப்பம்மாளோடு ஈப்போவில் சிலிபினுக்கு வந்துவிட்டான். திடலின் ஓரத்தில் இருந்த ஃபிளையிங் கிளப்பில் மெக்கானிக். சம்பளத்தில் பாதிக்குப் பதிலாகப் பறக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டு, மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துகொண்டிருந்தான். நல்ல பையன். ஆனால் வாயைத் திறக்க மாட்டான். கிளப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அவனை ஊமை என்று நினைத்து, ஆறு மாதம் கை ஜாடையிலேயே வேலை வாங்கினார். இவனும் அவர் மனம் நோகக் கூடாது என்று ஜாடையிலேயே பதில் சொன்னான்.

அன்றைக்கு அவன் தனியாகச் சித்தியவான் வரை போய்த் திரும்ப வேண்டும். அது முடிந்தால் லைசென்ஸ்.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சைக்கிளோ லாரியோ தையல் மிஷினோ, சக்கரம் என்று ஒன்று இருந்தால் அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் விட மாட்டோம். விமானத்துக்கோ மூன்று சக்கரம். கருப்பம்மாள் மத்தியானமே சந்தனக் கிண்ணமும் தேங்காயுமாக வந்துவிட்டார். கோபுரத்திலிருந்து தொலைநோக்கியில் நான் எல்லாவற்றையும் பார்த்தேன். மூக்கில் ஒரு பொட்டு, ரெக்கையில் ஒரு பொட்டு, வாலில் ஒரு பொட்டு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஜெயபாலன் பின்னாலேயே சுற்றி வந்து, வைக்கக் கூடாத இடத்தில் வைத்ததைத் துடைத்துக்கொண்டே போனான். பிறகு ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டான். தேங்காயைத் துணியில் சுற்றி, பக்கத்து ஸீட்டில் வைத்தார் அம்மா. திரும்பி வந்ததும் பழைய தோட்டத்து முனியாண்டி கோவிலில் உடைப்பதாக வேண்டுதல். கதவைச் சாத்திவிட்டு நகர்ந்தவர், கிண்ணத்தில் மிச்சம் இருந்ததைப் பார்த்தார். போகிற போக்கில் விமானத்தின் இடது விலாவில் இன்னொரு பொட்டு வைத்தார். அதை நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

அவன் கிளம்பும்போது வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஈப்போ மழையைத் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். மலைப் பக்கம் கறுத்தது, குனோங் ராபாட் குன்றுகள் மறைந்தன, அப்புறம் ஓடுபாதையின் அந்த முனை மறைந்தது. மழை கோபுரத்துக் கண்ணாடியில் அடித்த அடியில், உள்ளே மாட்டியிருந்த காலண்டரில் இரண்டு மாதம் கிழிந்தது.

அருளம்பலம் சார் உட்கார்ந்தார், எழுந்தார். கண்ணாடிக்கு அருகே போனார், திரும்பினார். மோதிரத்தைத் திருகினார்.

"சீனி, நீர் கொஞ்சம் சும்மா நில்லும், ஐசே." பதற்றம் வந்தால் அவருக்கு இங்கிலீஷ் 'ஐ ஸே' தானாக வரும்.

நான் சும்மாதான் நின்றேன். கையில் இருந்த துணிதான் அதே கண்ணாடியை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தது.

கீழே பார்த்தேன். கருப்பம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு, கோபுரத்து வாசலுக்கும் வேலிக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். வேலி வரை போவார், அண்ணாந்து பார்ப்பார், திரும்பி வருவார்.

அப்போதுதான் வானொலி கரகரத்தது.

"சார்... ஒரு சின்னப் பிரச்சினை."

வானொலியில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்பது விதி. இவன் தமிழில் ஆரம்பித்தான். சார் முகம் மாறியது. விதியை நினைத்து இல்லை. ஜெயபாலன் தானாகவே வாயைத் திறந்தானே, அதை நினைத்து.

"என்ன தம்பி? உம்மட உயரம் என்ன?"

"உயரமானிப்படி பார்த்தா... தரையில இருக்கேன் சார்."

"எந்தத் தரை?"

"ஈப்போ தரை சார். கிளம்பும்போது காட்டுனதையே காட்டிக்கிட்டு இருக்கு. அசையல."

"நீர் இப்ப எங்க நிக்கிறீர்?"

"மேகத்துக்கு மேல சார். இங்க நல்ல வெயில். கீழ ஒண்ணுமே தெரியல."

சார் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

"எப்ப இருந்து இப்பிடி?"

"பத்து காஜா டவுனைத் தாண்டும்போதே பார்த்தேன் சார். அப்ப கீழ ரோடு, ஆறு எல்லாம் தெரிஞ்சிச்சு. திரும்பி வந்தா லைசென்ஸ் தள்ளிப் போயிடும்னு... போயிட்டேன். வரும்போது மேகம் மறிச்சுது. அதுக்குள்ள போகப் பயந்து மேல ஏறுனேன். ஏறிக்கிட்டே இருந்தேன் சார். எம்புட்டு ஏறினேன்னு தெரியல."

எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். ஒரு மணி நேரத்துக்குக் காணாது. நான் பினாங்குக்குப் போன் போட்டேன், அங்கேயும் மழை. சித்தியவான் மூடிவிட்டது. சுபாங் விமான நிலையம் தூரம். பேரா மாநிலத்தில் அன்றைக்கு வெயில் அடித்த ஒரே இடம் ஜெயபாலனின் தலைக்கு மேலேதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மேகத்துக்குள் இறங்கி வரலாம், தப்பில்லை. ஆனால் ஒரு பக்கம் பெரிய மலைத்தொடர், இன்னொரு பக்கம் கிளேடாங் மலை, நடுவில் சுண்ணாம்புக் குன்றுகள். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் இறங்கினால், தெரிய வரும்போது மலையோடு சேர்ந்து தெரிய வரும். ராடார் எங்களிடம் இல்லை. இருந்தது ஒரு திசை காட்டும் கருவி மட்டும். வட்டமான ஒரு கண்ணாடி. விமானி பேசினால் அதில் ஒரு பச்சைக் கோடு விழும். அவன் எந்தத் திசையில் இருக்கிறான் என்று காட்டும். பேச்சை நிறுத்தினால் கோடு அணைந்துவிடும். உயரத்தை அது சொல்லாது.

"தம்பி, பத்து வரைக்கும் எண்ணும்."

எண்ணினான். தென்மேற்கில் கோடு விழுந்தது. பத்து முடிந்ததும் அணைந்தது.

"சரி. ஆள் அங்கதான் நிக்கிறான்," என்றார் சார். வலது கையால் இடது கை மோதிரத்தைத் திருகினார். "உயரமானி ஏன் அசையேல்லை? வெளிக்காத்துப் போற துவாரம் அடைபட்டிருக்கோணும். தம்பி, இண்டைக்கு விமானத்தில யார் கை வைச்சது?"

வானொலியில் ஒரே அமைதி. வழக்கமான அமைதி இல்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டு சொல்லாமல் இருக்கிற அமைதி.

எனக்கு அந்த இடது விலாப் பொட்டு ஞாபகம் வந்தது.

"சார், அவங்க அம்மா கீழ நிக்கிறாங்க. கூட்டிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கருப்பம்மாள் ஏறி வந்தார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. குடையை மடக்க மறந்து, விரித்தபடியே அறைக்குள் கொண்டுவந்துவிட்டார். அவர் திரும்பும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் குனிந்தோம்.

"ஐயா, எம்மவன் எங்கய்யா?"

"மேல நிக்கிறான், அம்மா. சுகமாத்தான் நிக்கிறான். சந்தனம் வைச்சனீங்களோ?"

"வைக்காம அனுப்புவேனா?"

"எங்க எங்க வைச்சனீங்கள்?"

"எல்லா எடத்துலயும்தான்."

"சின்னத் துவாரம் ஏதும்..."

"ஆமாய்யா. இடது பக்கம் ஒண்ணு இருந்துச்சு. மூக்குத்தி குத்துன ஓட்டையாட்டம். வெறுமனே இருந்துச்சேன்னு கடைசியா அதுல ஒண்ணு நல்லாப் பெருசா வச்சேன்."

அருளம்பலம் சார் கண்ணை மூடித் திறந்தார். அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்றை மோந்து பார்த்துத்தான் உயரமானி உயரம் சொல்லும். மூக்கை அடைத்தால் அது என்ன செய்யும், கடைசியாக மோந்ததையே சொல்லிக்கொண்டிருக்கும்.

"பரவாயில்லை சார்," என்றேன் நான். "மேகத்துக்குள்ள வந்தா மழை கழுவிரும். சந்தனம்தானே."

"கழுவாதுய்யா," என்றார் கருப்பம்மாள்.

"ஏன்?"

"காத்துல பறந்துருமேன்னு ரப்பர் பால் கலந்துல்ல கொழைச்சேன்."

நாங்கள் இரண்டு பேரும் அவரையே பார்த்தோம்.

"கோவிலுக்குப் பின்னால இன்னும் நாலஞ்சு பால் மரம் நிக்குதுலா. காலையில போய் ஒரு மரத்தைச் சீவி, ஒரு மங்கு எடுத்துட்டு வந்தேன். எம்புட்டுக் காத்தடிச்சாலும் புடிச்சுக்கும்னு..." அவர் குரல் தேய்ந்தது. குடையை அப்போதுதான் மடக்கினார். "அய்யோ, அதுவா? நான் வச்ச பொட்டா?"

சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாதவர் வேறு என்ன செய்வார்? வானொலியைப் பிடித்தார்.

"தம்பி, துவாரம் அடைபட்டுப் போச்சு. இனித் திறக்காது. உமக்கு வழி தெரியுமெல்லோ?"

"தெரியும் சார்," என்றான் ஜெயபாலன். மெக்கானிக் அல்லவா. "பக்கத்துல ஏறுற எறங்குற வேகம் காட்டுற மானி இருக்கு. ரெண்டுக்கும் ஒரே குழாய். அந்தக் கண்ணாடியை ஒடைச்சா விமானத்துக்குள்ள இருக்குற காத்து குழாய்க்குள்ள போகும். உயரமானி வேலை செய்யும்."

"அப்ப அதை உடையும்."

"கிளப் சாமான் சார்."

"ஐசே, நீரும் கிளப் சாமான்தான்! உடையும்!"

இரண்டு தட்டல் சத்தம் கேட்டது. பிறகு ஒரு 'ஸ்ஸ்'.

"கையால குத்துனேன் சார். ஒடையல. சப்பாத்தைக் கழட்டிப் போட்டேன், கேன்வாஸ் சப்பாத்து, ஒண்ணும் ஆவல."

"வேற என்ன இருக்கு?"

"டூல் பெட்டியைப் பாரம்னு எறக்கி வச்சிட்டேன் சார். பென்சில் இருக்கு. மேப்பு இருக்கு." நிறுத்தினான். "தேங்கா இருக்கு."

சாரும் நானும் ஒரே நேரத்தில் கருப்பம்மாளைத் திரும்பிப் பார்த்தோம்.

"ஆனா அது சாமித் தேங்கா சார்," என்றது வானொலி. "அம்மா வேண்டுதல். கோவில்ல வச்சுத்தான் ஒடைக்கணும். அம்மாகிட்டக் கேக்காம..."

மேகத்துக்கு மேலே எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது. இவன் அம்மாவிடம் அனுமதி கேட்கிறான். அருளம்பலம் சார் ஒலிவாங்கியை அப்படியே கருப்பம்மாள் முகத்துக்கு நேராக நீட்டினார். அவர் அதைத் தொடவில்லை. கையைப் பிசைந்தார். கதவு வரை போனார், திரும்பி வந்தார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவன் இப்ப எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கான்?"

"ஏன் அம்மா?"

"முனியாண்டி முகத்தைப் பார்த்து ஒடைச்சா பரவாயில்லை. முதுகைக் காட்டிக்கிட்டு ஒடைச்சா அவரு பொறுக்க மாட்டாரு. கோவக்காரச் சாமி. முனியாண்டி சிம்பாங் பூலாய்ப் பக்கம்லா இருக்காரு? எம்மவன் அந்தப் பக்கம் பார்த்தா இருக்கான்?"

சார் திசைக் கண்ணாடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஜெயபாலன் தென்மேற்கிலிருந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். அவன் மூக்கு ஈப்போ டவுனைப் பார்த்தது. முனியாண்டி அவனுடைய வலது காதுக்கு நேராக இருந்தார். முனியாண்டியைப் பார்த்துத் திருப்பினால் அதற்குப் பின்னால் முழு மலைத்தொடரும் நிற்கிறது.

யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கு முனியாண்டி என்றால் கொஞ்சம் முகம் சுளிக்கும். சுருட்டுக் குடிக்கிற சாமி, சாராயம் கேட்கிற சாமி. தம் வாழ்நாளில் அருளம்பலம் சார் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அன்றைக்குச் சொன்னார்.

"முனியாண்டியை நேரே பார்த்துக்கொண்டுதான் வாறான், அம்மா."

சொல்லி முடித்ததும் அவர் காது சிவந்தது. நெற்றியில் இருந்த திருநீற்றுக் கோடுகளில் நடுக்கோடு மட்டும் வியர்வையில் கரைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கருப்பம்மாள் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஒடைடா சாமி. நல்லா ஓங்கி ஒடை."

தடால் என்று ஒரு சத்தம்.

"என்ன ஆச்சு?"

"தேங்கா ஒடைஞ்சிருச்சு சார். கண்ணாடி அப்படியே இருக்கு."

"சரி பாதியா ஒடைஞ்சிச்சா?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா. சரி பாதி."

"அப்ப நல்ல சகுனம். ஓட்டோட மொனையால குத்து!"

மறுபடி ஒரு சத்தம். இந்தத் தடவை சத்தம் மெலிதாக, நொறுங்குகிற மாதிரி வந்தது. அப்புறம் ஜெயபாலன் குரல், அவன் அதுவரை பேசியதிலேயே உரத்த குரல்:

"ஏறுது சார்! முள்ளு ஏறுது! ஆயிரம்... மூவாயிரம்... ஐயாயிரம் அடி!"

தரையிலிருந்து ஐயாயிரம் அடி உயரத்துக்கு ஒரே மூச்சில் போன விமானம் உலகத்தில் அது ஒன்றுதான். இன்றைக்கு வரைக்கும் ஜெட் விமானங்களால் முடியவில்லை.

"நல்லது. அதில கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அதுக்கும் சேர்த்து இடம் விட்டு இறக்குறன்," என்றார் சார். அவர் குரல் நேராகிவிட்டது. கால் மட்டும் மேஜைக்கு அடியில் தையல் மிஷின் மிதித்தது. "முதல்ல எங்கட தலைக்கு மேல வாரும். பிறகு தென்மேற்கால போம். அந்தப் பக்கம் மலை இல்லை, ஈயம் தோண்டின குட்டைகள்தான். அங்க இறங்கி, திரும்பி வாரும். ஆனா பேசிக்கொண்டே வாரும், தம்பி. நீர் பேசினாத்தான் எனக்கு உம்மைத் தெரியும்."

"என்ன சார் பேசுறது?"

"என்னெண்டாலும் பேசும்."

"...ஒண்ணும் இல்லையே சார்."

பச்சைக் கோடு அணைந்தது. மேகத்தின் மேல் விளிம்பில் அவன் நுழைந்துகொண்டிருக்கிறான், பேச ஒன்றும் இல்லையாம்.

"காலையில என்ன சாப்பிட்டீர்?"

"தோசை."

கோடு விழுந்தது, அணைந்தது. தோசை மிகச் சின்ன வார்த்தை.

கருப்பம்மாள் அந்த வட்டக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தக் கோடுதான் எம்மவனாய்யா?"

"ஓம். அந்தக் கோடுதான் உங்கட மகன்."

அவர் உடனே ஒலிவாங்கிக்கு அருகே குனிந்தார். "டேய், ராக்காயி மவளைப் பத்திப் பேசுடா. போன வாரம் பொண்ணு பார்த்துட்டு வந்தோமே. நீ ஒரு வார்த்தையும் சொல்லலையே."

வானொலி கொஞ்சம் யோசித்தது.

"அம்மா, அங்கதான் நிக்கிறியா?"

"இங்கதான் நிக்கிறேன்."

"அப்ப சொல்லிடுறேன்."

ஆரம்பித்தான். பிறகு நிற்கவே இல்லை. பெண் நல்ல பெண், குறை ஒன்றும் இல்லை. ஆனால் ராக்காயி அத்தை பலகாரத் தட்டைக் கையில் கொடுத்தபோதே, 'கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பறக்குற வேலை வேணாம்ப்பா' என்று சொன்னார்கள். இவன் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தான். முறுக்குக் கடித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். இவனுக்குச் சம்மதம் இல்லை. அந்த வீட்டு முறுக்கு அவ்வளவு கடினம், பல் வலித்தது, அதையும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையில் உரம் தூவுகிற விமானம் தோட்டத்துக்கு மேல் வரும்போது மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள் ஓடும், இவன் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்பான், அப்போது வாய்க்குள் உரம் விழுந்ததையும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் வாயை மூடியே வைத்திருக்கிறான்.

பச்சைக் கோடு அசையாமல் நின்றது. இடையிடையே சார், "கொஞ்சம் இடப் பக்கம்," "இப்ப இறங்கும்," "வெளியில பாக்காதேயும், ரெக்கை நேரா நிக்குதா எண்டு மானியைப் பாரும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இவன், "சரி சார்," என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அதே அலைவரிசையில் எங்கேயோ தூரத்தில் பறந்துகொண்டிருந்த பெரிய விமானத்துக்காரர் ஒருவர் இங்கிலீஷில், அந்தப் பையன் என்ன சொல்கிறான், ஆபத்தா என்று கேட்டார். சார், "திருமண விஷயம்," என்று இங்கிலீஷில் பதில் சொன்னார். "புரிகிறது, ஒதுங்கிக்கொள்கிறேன்," என்றார் அவர்.

"மூவாயிரம் சார். வெள்ளையா இருக்கு. எல்லாம் வெள்ளை."

"பயப்படாதேயும். பேசும்."

"அம்மா, எனக்குப் பறக்கணும்மா. எனக்கு வேற ஒண்ணும்..."

கோடு அணைந்தது.

"தம்பி?"

இரைச்சல்.

"தம்பி, பேசும். ஜெயபாலன்!"

கருப்பம்மாள் கண்ணாடியில் கோடு இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். கையை எடுக்கவில்லை. என் கையில் இருந்த துணியை நான் இரண்டாகக் கிழித்திருந்தேன். எப்போது கிழித்தேன் என்று தெரியாது. சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். மழை கண்ணாடியில் வழிந்துகொண்டே இருந்தது. அந்த நேரம் எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நிறையத்தான் சொல்லுவேன்.

கருப்பம்மாளின் விரல்களுக்கு இடையில் பச்சையாக ஒளி வந்தது.

"குட்டை! சார், ஈயக் குட்டை தெரியுது! காத்து தூக்கிப் போட்டுருச்சு சார், ஸ்டீரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன், மைக்கை எடுக்க முடியல. குட்டை, ரோடு, லாரி போவுது சார்!"

"லாரி போகட்டும். நீர் திரும்பும். ஓடுபாதை உமக்கு நேர எதிர்ல."

நான் தொலைநோக்கியை எடுத்தேன். ஓடுபாதையில் மாடுகள். மழையில் நனைந்துகொண்டு வரிசையாக நின்றன. பினாங்கு விமானம் ரத்தான செய்தி அவற்றுக்கு மட்டும் போகவில்லை. தீயணைப்பு வண்டியில் தயாராக நின்ற பிச்சைமுத்துவுக்குப் போனில் கத்தினேன். அவர் சைரனைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். மாடுகள் சாவகாசமாகத்தான் நகர்ந்தன. கடைசி மாட்டின் வால் புல்லுக்குப் போகவும், மழைத் திரையைக் கிழித்துக்கொண்டு அந்தச் சின்ன விமானம் வரவும் சரியாக இருந்தது.

ஜெயபாலன் அன்றைக்கு ஒரே தடவையில் மூன்று தடவை தரையிறங்கினான். முதல் இரண்டும் சரியில்லை. மூன்றாவது நன்றாக இருந்தது.

நாங்கள் கீழே இறங்கி ஓடினோம். அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். சட்டையெல்லாம் இளநீர், தலைமுடியில் தேங்காய்ப் பூ, வலது கை முட்டியில் ரத்தம். கையில் இரண்டு மூடியையும் பத்திரமாகப் பிடித்திருந்தான். கருப்பம்மாள் அவனைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நேராக விமானத்தின் இடது விலாவுக்குப் போய், அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டினார். மழையில் அது கொஞ்சம்கூடக் கரையவில்லை. சுரண்டச் சுரண்ட ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. ரப்பர்தானே. அது முழுசாகக் கையோடு வந்த பிறகுதான் அவர் திரும்பி மகனைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மழை விட்டதும் அருளம்பலம் சார் தம்முடைய காரிலேயே எல்லோரையும் சிம்பாங் பூலாய்க்குக் கூட்டிப்போனார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். சாவி ஓட்டையில் சாவி நுழையவில்லை, சுற்றிலும் கீறல்தான் விழுந்தது. கடைசியில் ஜெயபாலன்தான் ஓட்டினான். காரில் பழைய ஜெயபாலனாகிவிட்டான், ஒரு வார்த்தை இல்லை.

செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே ஒரு மரம், ஒரு சூலம், தகரக் கூரை, மீசை வைத்த முனியாண்டி. கருப்பம்மாள் இரண்டு மூடியையும் முன்னால் வைத்துச் சூடம் கொளுத்தினார். எல்லோரும் கும்பிட்டோம். சார் மட்டும் கோவிலுக்கு வெளியே, சூலத்தைப் பார்த்தும் பார்க்காமலும், மோதிரத்தைத் திருகிக்கொண்டு நின்றார்.

"அம்மா," என்றார் கடைசியில். "நான் ஒரு பொய் சொல்லிப்போட்டன். உங்கட மகன் இஞ்ச பாக்கேல்லை. அவன் டவுனைப் பார்த்துக்கொண்டு நிண்டவன்."

"தெரியும்யா," என்றார் கருப்பம்மாள்.

"தெரியுமோ?"

"ஒங்க காது செவந்துச்சே. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மனுசன்னு பார்த்தாலே தெரியுதுல்ல."

"தெரிஞ்சும் உடைக்கச் சொன்னீங்களோ?"

"எம்புள்ளை மேல நிக்கிறான். முனியாண்டி எந்தப் பக்கம் இருந்தா எனக்கென்னய்யா?" என்று சொல்லிவிட்டு, சட்டென்று சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆனா நீங்க சாமி பேரைச் சொல்லில்ல பொய் சொன்னீங்க. அதை நீங்கதான் நேர் பண்ணணும்."

மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து நீட்டினார். முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பதென்றால் சும்மா வைக்கக் கூடாது. பற்றவைத்து, ஓர் இழுப்பு இழுத்து, நன்றாகப் புகையவிட்டுத்தான் வைக்க வேண்டும். சார் அதை மூன்று விரலால், ஊசி பிடிக்கிற மாதிரி பிடித்தார். அவர் வாயில் சுருட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். இழுத்தார். அப்புறம் இருமினார் பாருங்கள், செம்பனை மட்டைகளில் இருந்த தண்ணீரெல்லாம் உதிர்ந்து எங்கள் தலையில் கொட்டியது.

சுருட்டு புகைந்தது. கருப்பம்மாள் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு மகனைப் பார்த்தார்.

"ராக்காயிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ அடுத்து எப்பப் பறக்குறே?"

ஜெயபாலன் வாயைத் திறந்தான். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"ஞாயித்துக்கெழமை."

"சரி," என்றார் அவர். கோவிலுக்குப் பின்னால் நின்ற பால் மரங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சந்தனம் அரைச்சுக் கொண்டாறேன்."

அருளம்பலம் சாருக்கு இன்னும் இருமல் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீரோடு கையை உயர்த்தினார்.

"கொண்டு வாங்கோ, அம்மா. ஓட்டை இல்லாத இடமா நான் காட்டுறன்."